பணக்கார வீடுகள் மளிகை வாங்கும் முறை: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் ஒரு மொத்த மளிகைக் கடையின் கல்லாவில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். அம்ஷ்லாங்கா, வெஸ்ட்வில் பக்கத்து வசதியான வீட்டுக்காரர்களும் வருவார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸிலிருந்து மாதச் சம்பளக் குடும்பங்களும் வரும். டிராலியில் இருந்த சாமான் பெரிதாக மாறவில்லை: அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, மசாலா. மாறியது வாங்கும் நாள்தான். வசதியுள்ளவர் வீட்டில் எண்ணெய் இன்னும் பாதி இருக்கும்போதே, விலை இறங்கிய வாரத்தில் வந்து வாங்கினார். மற்றவர் எண்ணெய் தீர்ந்த அன்று வந்தார், அன்றைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்தார்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டாய்லெட் பேப்பர் வாங்கும் பழக்கத்தை வைத்து இதையே கண்டார்கள். பெரிய கட்டாக வாங்குவதும் தள்ளுபடி வரும்வரை காத்திருப்பதும் கையில் காசு உள்ள வீட்டுக்கே எளிது. காசு இல்லாத வீடு அதே பேப்பருக்குக் கூடுதல் விலை கொடுக்கிறது. ஆகவே பணக்காரரிடமிருந்து முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, இப்படி வாங்குவதற்கென்று சின்னதாக ஒரு கைமுதல் வைத்திருப்பதை. மற்ற பழக்கங்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

எங்கள் கோயில் மகளிர் குழுவில் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். நேரே மூட்டை அரிசியில் தொடங்குவார்கள். 20ஆம் தேதி காய்கறிக்குக் காசிருக்காது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு சின்ன நோட்டு, பேனா, போனில் உள்ள கால்குலேட்டர், இறுக மூடும் நாலைந்து டப்பாக்கள், தேதி எழுத ஒரு மார்க்கர். சமையலறை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வையுங்கள். புது ஃப்ரீசர் வேண்டாம். ஃப்ரீசரை வாங்கி அதை நிரப்புவதற்காகவே கடைக்குப் போகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

1. ஒரு மாதத்து பில்களைச் சேருங்கள்

முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல வாங்கி, பில்லை மட்டும் ஒரு டப்பாவில் போடுங்கள். மூலைக்கடையில் வாங்கிய ரொட்டியும் பாலும், பெட்ரோல் பங்கில் வாங்கிய குளிர்பானமும் இதில் சேர்த்தி. பில் தராத கடை என்றால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போடுங்கள்.

மாதக் கடைசியில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: கெடாத சாமான், கெடும் சாமான், திட்டமில்லாமல் வாங்கியது. உங்கள் காசு எங்கே போகிறது என்று தெரியாமல் பருப்பில் 5 ரேண்ட் மிச்சம் பிடிப்பதில் பயனில்லை. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது குவியல்தான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக நிற்கும்.

2. விலை நோட்டு எழுதுங்கள்

அடிக்கடி வாங்கும் இருபது சாமான் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: தேதி, கடை, பாக்கெட் அளவு, விலை, கடைசிப் பத்தியில் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை. இந்தக் கடைசிப் பத்திதான் முக்கியம். மற்றதெல்லாம் அதைக் கணக்கிடத்தான்.

கணக்கு எப்படி என்பதற்கு ஒரு உதாரணம். சூரியகாந்தி எண்ணெய் 750 மில்லி 30 ரேண்ட், 2 லிட்டர் 70 ரேண்ட், 5 லிட்டர் 190 ரேண்ட் என்று வையுங்கள். லிட்டருக்குப் பார்த்தால் 40, 35, 38. நடுப் பாட்டில்தான் மலிவு. பெரியதே எப்போதும் மலிவு என்று எண்ணி 5 லிட்டர் கேனைத் தூக்கியவர் 15 ரேண்ட் கூடுதலாகக் கொடுத்திருப்பார். என் கல்லாவில் வந்த நிதானமான வாடிக்கையாளர்கள் அலமாரி முன் நின்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் கையை நீட்டுவார்கள். சில கடைகள் விலைச்சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு என்ன விலை என்று போடுகின்றன. இருந்தால் அதைப் பாருங்கள்.

இரண்டு மூன்று மாதம் எழுதினால், எந்தச் சாமான் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ஸ்பெஷலில், அதாவது தள்ளுபடி விலையில், வருகிறது என்பது தெரிந்துவிடும். சலவைத்தூள், எண்ணெய், டீ போன்றவை திரும்பத் திரும்ப வரும். அடுத்த ஸ்பெஷல் வரை தாங்கும் அளவு வாங்கினால் போதும். ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை: பெரிய மஞ்சள் அட்டையில் போட்ட விலையை அப்படியே மலிவு என்று நம்புவது. நோட்டில் போன மாத விலை இருந்தால், அந்த மஞ்சள் விலை உண்மையில் இறங்கியதா என்று நொடியில் சொல்லிவிடலாம்.

3. மளிகைக்கென்று தனிக் கைமுதல்

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும். உங்கள் மாத மளிகைச் செலவில் நாலில் ஒரு பங்கைத் தனியாகச் சேருங்கள். 3,000 ரேண்ட் செலவு என்றால் 750. ஒரே மாதத்தில் முடியாது. மாதம் 100, 150 என்று, அந்த மூன்றாவது குவியலைக் குறைத்துச் சேருங்கள். தனி உறையோ, வங்கியில் தனிக் கணக்கோ, எதுவானாலும் சரி. வீட்டுச் செலவோடு கலக்கக் கூடாது.

காரணம் இதுதான். விலை இறங்கிய வாரம் எண்ணெய் மூன்று பாட்டில் வாங்க அந்த உறையிலிருந்து எடுப்பீர்கள். அடுத்த மாதம் எண்ணெய் வாங்க வேண்டியதில்லை. அதற்கென்று வைத்த காசு உறைக்குத் திரும்பும். உறை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பி வைக்கவில்லை என்றால் இரண்டே மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

"அக்கா, கார்டைப் போட்டு வாங்கிட்டு அப்புறம் கட்டினா என்ன?" என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். வசதியுள்ளவர்களும் கிரெடிட் கார்டில்தான் வாங்குகிறார்கள், உண்மை. ஆனால் 55 நாள் வரை கிடைக்கும் வட்டியில்லாத காலத்துக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிற வீட்டுக்கு, அரிசியில் கிடைத்த மிச்சத்தை வட்டி தின்றுவிடும். கைமுதல் சேரும்வரை மொத்தமாக எதுவும் வாங்காதீர்கள்.

4. எதைச் சேர்த்து வைக்கலாம், எப்படி வைப்பது

டர்பன் காற்றின் ஈரத்தை மறந்து வாங்குகிறவர்களே அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை திறந்த பையில் இருக்கும் மாவு கட்டி தட்டும், பருப்பில் வண்டு விழும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் தாங்குவது இங்கே தாங்காது.

அரிசி, துவரம் பருப்பு, காய்ந்த பீன்ஸ், சர்க்கரை, உப்பு, சோப்பு: இவற்றைத் தாராளமாக வைக்கலாம். மாவையும் ரவையையும் வீட்டுக்கு வந்ததும் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். உள்ளே வண்டு முட்டை இருந்தால் செத்துவிடும். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு டப்பாவில் கொட்டுங்கள். குளிராக இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் மாவில் இறங்கும், வண்டுக்குப் பதில் பூஞ்சை வரும்.

மசாலாவை முழுதாக வாங்குங்கள். கொத்தமல்லி, சீரகம், பட்டை முழுதாக இருந்தால் மணம் நெடுநாள் நிற்கும். அரைத்த தூளுக்குச் சில மாதம்தான். கிலோ கணக்கில் கறிமசாலாத் தூள் வாங்கி, பாதிக்கு மேல் மணம் போன பிறகு இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுச் சமைக்கிற வீட்டில் என்ன மிச்சம்?

எண்ணெய் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கி சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது கேன் கேனாகத் தூக்கிப்போனவர்களைப் பார்த்தேன். ஏறிய விலையில் குவிப்பது இந்த முறைக்கு நேர் எதிர். அடுப்புப் பக்கத்துச் சூட்டில் வைத்த எண்ணெய் காறிப்போகவும் செய்யும்.

அரிசிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இருப்பு வைக்கச் சொல்கிறேன். இந்நாட்டில் அரிசி விளைவிப்பது இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலும் தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. ரேண்ட் மதிப்பு இறங்கினாலும் அரிசி விலை ஏறும். இரண்டு மாத அரிசி வீட்டில் இருந்தால் அந்த அதிர்ச்சி உடனே அடுப்புக்கு வராது.

புதுச் சரக்கை டப்பாவின் அடியில் போட்டு, பழையதை மேலே வையுங்கள். மூடியில் மார்க்கரால் மாதத்தை எழுதுங்கள். இறைச்சி, மீன் சேர்த்து வைப்பவர்கள் மின்வெட்டை நினைவில் வைக்க வேண்டும்: கதவைத் திறக்காமலிருந்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்தான். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவிட்டு அடுக்குங்கள்.

5. வரி இல்லாத சாமானைச் சுற்றிச் சமையலைத் திட்டமிடுங்கள்

2018 ஏப்ரல் முதல் இங்கே வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். ஆனால் அரிசி, காய்ந்த பீன்ஸ், பருப்பு, மீலி மீல் (சோள மாவு), சாம்ப் (உடைத்த சோளம்), பால், முட்டை, சமைக்கும் தாவர எண்ணெய், பச்சைக் காய்கறி, பழம், பிரவுன் ரொட்டி இவற்றுக்கு வரி இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து கேக் மாவும் சேர்ந்துவிட்டது. வெள்ளை ரொட்டிக்கு உண்டு, ஆலிவ் எண்ணெய்க்கு உண்டு, கோழிக்கும் உண்டு. டப்பாவில் அடைத்த பீன்ஸுக்கும் உண்டு. டின்னில் வரும் பில்ச்சர்டு மீனுக்கு இல்லை.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? பீன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டின்னில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம் பீன்ஸ் இருக்கும். அவ்வளவு பீன்ஸ் வேகவைக்க 100 கிராம் காய்ந்த பீன்ஸ் போதும். 500 கிராம் பாக்கெட் ஒன்று ஐந்து டின்னுக்குச் சமம், வரியும் கிடையாது. காய்ந்த பீன்ஸை ஞாயிறு ராத்திரி ஊறவைத்து குக்கரில் மொத்தமாக வேகவைத்து, ஒருவேளைக்கு ஒரு பொட்டலம் என்று ஃப்ரீசரில் வையுங்கள். டின் வாங்குகிறவர் காசு கொடுப்பது அவசரத்துக்குத்தான். அந்த அவசரம் வராமல் பார்த்துக்கொள்ள இது ஒரு வழி.

புரட்டாசி விரதம் இருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் எளிது. அந்த மாதம் இறைச்சிச் செலவு நின்று, சாப்பாட்டில் பெரும்பங்கு வரியில்லாத சாமானாகிவிடுகிறது. கைமுதல் உறையை நிரப்ப அந்த மாதத்தைவிட நல்ல சமயம் இல்லை.

6. சாமானுக்கு ஏற்ற கடை

ஒரே கடையில் எல்லாம் வாங்குவதும் தவறு, ஐந்து கடைக்கு ஓடுவதும் தவறு. பெட்ரோலையும் டாக்ஸிக் காசையும் நோட்டில் எழுதினால் ஐந்தாவது கடையின் மிச்சம் காணாமல் போயிருக்கும். நாலு போதும்.

கெடாத சாமானுக்கு மாதம் ஒருமுறை மொத்தக்கடை. காய்கறிக்கு வாரம் ஒருமுறை சந்தை: சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட், நகரில் வாரிக் சந்திப்பு அதிகாலைச் சந்தை. மசாலாவுக்குத் தெரிந்த மசாலாக் கடை. பாலுக்கும் ரொட்டிக்கும் வீட்டருகே உள்ள சூப்பர்மார்க்கெட்; அங்கே கையில் கூடையோடு போங்கள், டிராலி வேண்டாம்.

சந்தையில் நேரம் விலையை மாற்றும். ஐக்கியா நிறுவனர் இங்வார் காம்ப்ராட் பெரும் செல்வந்தரான பிறகும், விலை இறங்கும் மாலை நேரத்தில்தான் காய்கறிச் சந்தைக்குப் போவார் என்று பத்திரிகைகள் எழுதின. நம் சந்தைகளிலும் கடை கட்டும் நேரத்தில் கூறுகள் பெரிதாகும். கீரை, கொத்தமல்லி, பச்சை மிளகாய் தரமாக வேண்டுமென்றால் காலையில் போங்கள். தக்காளி, கத்தரிக்காய், மாடும்பி (சேப்பங்கிழங்கு) மாதிரி அன்றே சமைக்கவோ இரண்டு நாள் தாங்கவோ கூடியதைக் கடைசி நேரத்தில் வாங்கலாம். கூறு கட்டியதை வாங்கும்போது அடியில் உள்ளதைக் காட்டச் சொல்லுங்கள்.

10 கிலோ பாக்கெட் உருளையும் வெங்காயமும் மலிவுதான். நாலு பேர் உள்ள வீட்டில் முளைவிடுவதற்குள் தீராது என்றால் பக்கத்து வீட்டோடு பாதியாகப் பிரியுங்கள். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் வைக்க வேண்டாம். சேர்ந்திருந்தால் உருளை சீக்கிரம் முளைக்கும்.

7. பிராண்டுக்கு எங்கே காசு கொடுப்பது

2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, விஷயம் தெரிந்தவர்கள் எதை வாங்குகிறார்கள் என்று பார்த்தது. தலைவலி மாத்திரையில் சாதாரண வாடிக்கையாளர் 26 சதவீதம் பெயர்பெற்ற பிராண்டை வாங்கினார். மருந்தாளுநர்கள் 9 சதவீதம்தான். உப்பு, சர்க்கரை போன்றவற்றில் சமையல் தொழில் செய்பவர்கள் கடையின் சொந்த பிராண்டையே மற்றவர்களைவிட அதிகம் எடுத்தார்கள்.

அதனால் உப்பு, சர்க்கரை, கேக் மாவு, சோடா உப்பு, ப்ளீச், அலுமினியத் தாள் எல்லாம் கடை பிராண்டே போதும். டீத்தூள், அரிசி, மசாலாவில் ருசி மாறும். அங்கே உங்கள் நாக்கு சொல்வதைக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாமானை மாற்றிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் வீட்டில் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், எதனால் என்று உங்களுக்கும் தெரியாது.

8. லாயல்டி கார்டும் ஸ்பெஷலும்

செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட்டின் எக்ஸ்ட்ரா சேவிங்ஸ், பிக் அண்ட் பே சூப்பர்மார்க்கெட்டின் ஸ்மார்ட் ஷாப்பர் இரண்டு கார்டும் இலவசம். வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல ஸ்பெஷல் விலை கார்டு இருந்தால்தான் கிடைக்கும். அதற்கு மேல் கார்டுக்காக எதையும் வாங்காதீர்கள்.

வசதியுள்ளவர்கள் டிஸ்கவரி வைட்டாலிட்டி என்ற சந்தாத் திட்டத்தின் மூலம் ஆரோக்கிய உணவுக்குக் கொடுத்ததில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுகிறார்கள். ஏற்கெனவே உறுப்பினர் என்றால் அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். மளிகைக்காக மட்டும் சந்தா கட்டிச் சேர்வதென்றால் முதலில் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

9. கல்லாவில்

ஸ்கேன் ஆகும்போது போனைப் பையில் வையுங்கள், திரையைப் பாருங்கள். அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்பது அடிக்கடி நடக்கும். ஸ்பெஷல் தொடங்கியும் கம்ப்யூட்டரில் மாற்றியிருக்க மாட்டார்கள், அல்லது முடிந்துபோன ஸ்பெஷலின் அட்டையை எடுத்திருக்க மாட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, காட்டிய விலைக்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததே செல்லும். கவனக்குறைவால் நேர்ந்த, எல்லாருக்கும் தெரியும்படியான பிழைக்கு விலக்கு உண்டு. அலமாரிச் சீட்டைப் போனில் படமெடுத்து வைத்தால் வாக்குவாதமே வராது. கல்லாவில் இருக்கும் பிள்ளையிடம் கோபப்படாதீர்கள், விலையை மாற்றும் அதிகாரம் அவளிடம் இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுத்துத் தேதி பாருங்கள். 'பெஸ்ட் பிஃபோர்' தேதி தரத்துக்கானது. மூடியபடி இருக்கும் பருப்பு அந்தத் தேதி தாண்டியும் சாப்பிடலாம். 'யூஸ் பை' என்று போட்டிருந்தால் அது பாதுகாப்புக்கானது. அதைத் தாண்டக் கூடாது. விலை குறைத்த தயிரும் கோழியும் எடுக்கும்போது எந்தச் சொல் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்.

10. கைமுதல் சேரவே இல்லையென்றால்: கூட்டாக வாங்குங்கள்

மூன்றாம் படியில் சிக்கி நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்த நாட்டில் ஸ்டாக்வெல் என்று சொல்வது நம் சீட்டுப் போலத்தான். மளிகை ஸ்டாக்வெலில் மாதாமாதம் காசு போட்டு, வருஷக் கடைசியில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆறேழு குடும்பம் சேர்ந்து இதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டியவை: ஆளுக்கு எவ்வளவு, என்னென்ன சாமான், எந்த பிராண்ட், யார் வண்டி, பெட்ரோலுக்கு யார் காசு. பணம் ஒருவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டாம், வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். எல்லாரும் சாப்பிடும் ஐந்தாறு சாமானோடு நிறுத்துங்கள். ஒருவருக்கு பாஸ்மதி, ஒருவருக்குப் புழுங்கல் என்று பட்டியல் நீளத் தொடங்கினால் மொத்த விலை கிடைக்காது, மனஸ்தாபம்தான் கிடைக்கும். பிரிக்கும் நாளில் எல்லாரும் வர வேண்டும், தராசு நடுவில் இருக்க வேண்டும்.

11. பணக்காரரிடம் எடுத்துக்கொள்ளக் கூடாதவை

நறுக்கிய பழம், கழுவிய கீரை, சூடாக்கினால் போதும் என்கிற சாப்பாடு, வெங்காயம் தீர்ந்ததும் ஆப்பில் ஆர்டர் போடுவது. இவற்றால் அவர்கள் வாங்குவது நேரத்தை. ஒரு மணி நேரத்தில் அவர்கள் சம்பாதிப்பது வேறு, நாம் சம்பாதிப்பது வேறு. இரட்டை ஷிஃப்ட் வேலை, வீட்டில் கைக்குழந்தை என்றால் நீங்களும் அந்த நேரத்தை வாங்கலாம், தப்பில்லை. அதைப் பழக்கமாக்காமல், நோட்டில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டையும் உறையையும் எடுத்து வைத்துப் பாருங்கள். உறையில் இருக்க வேண்டிய தொகைக்கு மேல் இருந்தால், கூடுதலைக் கைமுதலோடு சேர்க்காமல் வெளியே எடுங்கள். அளவுக்கு மீறிய கைமுதல் அளவுக்கு மீறிய அரிசியாகத்தான் மாறும். கடன் இருந்தால் அதற்குக் கட்டுங்கள். இல்லையென்றால் ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு எடுத்து வையுங்கள்.